அடைக்கலம் ஜப்பானில் சாப்பிட உட்கார்ந்த கதை

அடைக்கலம் காணாமல் போய்ப் பதினோரு வருஷமும் நாலு மாதமும் ஆன ஒரு வியாழக்கிழமை, காரைக்குடியில் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் நடத்திய மெஸ்ஸின் சுவரில், ஜப்பான் படத்துக்குள்ளே, ஆற்றைப் பார்த்த மாடியில், மூன்றாவது ஆளாக அவன் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அதை முதலில் கண்டவள் பூக்காரி சிட்டம்மா. கண்டதும் அவள் செய்த காரியம், அந்தப் படத்துக்கென்று கிள்ளி வைத்திருந்த முழம் பூவை எடுத்து மறுபடி கூடைக்குள் போட்டுக்கொண்டதுதான், ஏனென்றால் உயிரோடு இருக்கிற மனுஷன் படத்துக்குப் பூப் போடுவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. முருகனுக்கும் லட்சுமிக்கும் போட்டுவிட்டு, அடுக்களைப் பக்கம் தலையை நீட்டி, அண்ணன் வந்திருக்காக என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

படம் வந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் கப்பலேறி வந்த ஜப்பான் பீங்கான் ஒரு காலத்தில் குவிந்து கிடந்தது. பாகம் பிரிந்தபோது எல்லாம் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. அப்படிச் சாத்தப்பன் கடைக்கு வந்த, நூறு வருஷமாக யாரும் ஆணி பிடுங்காத ஒரு மரப்பெட்டியிலிருந்து, வெள்ளிக்கிழமைப் பாயசத்துக்காக என்று பஞ்சவர்ணம் ஆறு கிண்ணங்கள் வாங்கினாள். கிண்ணங்கள் சுமார்தான். ஆனால் பெரிய கிண்ணத்தைச் சுற்றியிருந்த கசங்கிய காகிதத்தை நீவி விரித்தபோது அதில் ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. எழுத்து ஒன்றும் புரியாவிட்டால் என்ன, கடைக்காரிக்குக் கடை தெரியாதா? கீழே அடுக்களையில் ஒருவன் நீளமான மீனைக் கீறிக்கொண்டிருந்தான். வாசலில் கழற்றிவிட்ட செருப்புகள் வரிசையாக இருந்தன. மாடியில் பாய் விரித்துச் சின்னச் சின்னப் பலகைகளில் சாப்பாடு வைத்திருந்தது. தடித்த ஆள் ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றில் போகிற படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கிண்ணத்தை வாயோடு வைத்திருந்தார். பரிமாறுகிற பெண் ஒருத்தி அடுக்கிய தட்டுகளோடு குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். உலகத்தில் எங்கே போனாலும் பந்தி பந்திதான் என்று பஞ்சவர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. சட்டம் போட்டு, சாப்பிடுகிறவர்கள் பார்க்கும்படி மாட்டிவிட்டாள்.

மெஸ்ஸில் தினமும் மதியம் சாப்பிடுகிற இருதயராஜ் சார், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர், அதைக் கண்ணாடியைக் கழற்றி ஒரு தரமும் போட்டு ஒரு தரமும் பார்த்துவிட்டு, இது தூரிகையால் எழுதியதில்லை, மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகையாக மை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுத்தது, இதே படம் இன்னும் நூறு இருநூறு இருக்கும், அந்தக் காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்கு நல்ல சாப்பாட்டுக்கடையைப் படமாக வாங்கி வைத்துக்கொள்வது ஒரு பித்து என்று சொன்னார். தண்ணீர் மட்டும் படக்கூடாது, நிறம் ஓடிவிடும் என்றும் சொன்னார். சாப்பாட்டைப் படமாக வாங்குகிறவன் பசிக்கு என்ன செய்வான் என்று கேட்டுவிட்டு, பஞ்சவர்ணம் அவருக்கு அப்பளம் வைத்தாள்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம். சிட்டம்மா சொன்னதைக் கேட்டுக் கரண்டியோடு வெளியே வந்த பஞ்சவர்ணம் படத்தின் முன்னால் நின்றாள். போன அன்று போட்டிருந்த நீலக்கட்டம் போட்ட சட்டை. அதே நாற்பது வயசு. எண்ணெய் வைத்தாலும் படியாத உச்சிமயிர். முகம் பாதிதான் தெரிந்தது, குனிந்திருந்தான். மற்றவர்களைப் போலவே அவனைச் சுற்றியும் மெல்லிய கறுப்புக்கோடு ஓடியது, மரத்தின் ரேகைகூடச் சட்டையின்மேல் லேசாகப் பதிந்திருந்தது. அவுகதான் என்றாள். பிறகு உலையில் அரிசி கிடந்ததால் உள்ளே போனாள். போய், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாளா ஆத்திரத்தில் அழுதாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. பதினோரு வருஷமாகத் திருப்பூர், சூரத், சிங்கப்பூர் என்று போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், அந்த மனுஷன் வேறொரு சாப்பாட்டுக்கடையில் காற்றோட்டமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டால் வேறென்ன செய்வாள்?

அவன் போனதே சாப்பாட்டில் இருந்துதான். இலையில் பாதியில் எழுந்து, எச்சில் கையோடு வாசல் இறங்கிப் போனவன். என்ன நடந்தது என்று ஊர் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தது. பஞ்சவர்ணம் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு மதியப் பந்தியில் இருபத்துநாலு இலை. அத்தனை பேரும் படத்தைப் பார்த்தார்கள், அடையாளம் கண்டார்கள், இளைத்திருப்பதாக ஒரு கட்சியும் அப்படியே இருப்பதாக ஒரு கட்சியும் பிரிந்தார்கள். பஞ்சவர்ணம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட அவள் வழக்கத்தில் இல்லை. இந்தாங்க என்றுதான் கூப்பிட்டிருப்பாள். அதற்குள் மூத்தவரான வயிரவன், லாரி புரோக்கர், இலையில் இருந்தபடியே இடது கையை உயர்த்தித் தடுத்தார்.

"ஏத்தா, கூப்புட்டுறாத. சாப்புடுறாகள்ல. சாப்புடுற நாயக்கூட வெரட்டக் கூடாதும்பாக. ஏற்கெனவே ஒரு தரம் பாதியில எந்திரிச்ச மனுசன். முடிக்கட்டும், அப்புறம் கூப்புடு."

அதில் தப்புச் சொல்ல யாராலும் முடியவில்லை. பஞ்சவர்ணத்தாலும் முடியவில்லை. பசிக்கிறவனுக்குச் சோறு போட்டே வயசைக் கழித்தவள், சாப்பிடுகிறவனை எழுப்புவாளா? வாயை மூடிக்கொண்டு குழம்பு வாளியை எடுத்தாள். அவன் முடிக்கட்டும் என்று அன்றைக்கு ஊர் உட்கார்ந்தது, மறுநாள் உட்கார்ந்தது, அப்படியே இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தது.

எந்த அதிசயமும் ஒரு வாரத்துக்குமேல் காரைக்குடியில் அதிசயமாக இருக்க முடியாது. அதற்குள் அதற்கு ஒரு முறை வந்துவிடும். அடைக்கலத்துக்கும் வந்தது. மெஸ்ஸுக்குள் நுழைகிறவர்கள், சாப்பிடுகிறவருக்கு வணக்கம் சொல்லக்கூடாது என்பதால், படத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் பஞ்சவர்ணம் என்று மட்டும் எழுதியவர்கள் மறுபடி அடைக்கலம் குடும்பத்தார் என்று எழுதத் தொடங்கினார்கள். ரேஷன் கார்டில் பேரை எடுப்பதா வைப்பதா என்று விசாரிக்க வந்த அலுவலர், நல்ல பிள்ளை, படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, மேற்படி நபர் உணவருந்திக்கொண்டிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானும் ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனார். கோயில் வரிப் பட்டியலில் பேர் ஏறியது. அடைக்கலத்தின் தங்கச்சி மானாமதுரையிலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்து, மாமாவைப் பாருங்கள், தொந்தரவு பண்ணாமல் பாருங்கள் என்று காட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து, அண்ணனுக்குக் காரம் ஆகாதே, அங்கே என்ன போடுகிறார்களோ என்று மூக்கைச் சிந்தினாள்.

அந்தக் கேள்விதான் பஞ்சவர்ணத்தையும் அரித்தது. அப்படி என்னதான் போடுகிறாள் அந்தச் சிறுக்கி, என் கையால் பதினைந்து வருஷம் தின்ற மனுஷன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறானே! படத்தின் அடுக்களையில் கீறுபடுகிற மீன் விலாங்கு என்று இருதயராஜ் சார் கண்டுபிடித்துச் சொன்னார். பஞ்சவர்ணம் கண்மாயில் மீன் பிடிக்கிறவர்களிடம் சொல்லிவைத்து விலாங்கு வாங்கி, கீறி, முள்ளெடுத்து, வெல்லப்பாகும் மிளகும் தடவிக் கரியில் வாட்டினாள். வாசம் பஸ் ஸ்டாண்டு வரை போனது. சட்டத்துக்குள் போகவில்லை. அடைக்கலம் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தான். ஆனால் பந்தியில் இருந்தவர்கள் விலாங்கை வழித்துத் தின்றுவிட்டு அடுத்து எப்போது என்று கேட்டார்கள். அதனால் புதன்கிழமை விலாங்கு என்று போர்டில் எழுதும்படி ஆயிற்று. ஒருத்தி ஏக்கத்தில் சமைத்தது இன்னொருத்தனுக்கு ருசியாகப் போவதுதான் சாப்பாட்டுக்கடை.

மூன்று மணிக்குப் பந்தி ஓய்ந்து, இலையெல்லாம் எடுத்து, தரையைக் கழுவிவிட்ட பிறகு, அவள் தன் இலையைப் போட்டுக்கொண்டு படத்துக்கு எதிரே உட்காருவாள். ஊர்ச் சேதியெல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள்: கிணற்றில் தண்ணீர் ஏறியது, உங்க சிநேகிதர் சோலைமலை தலையில் முடியே இல்லை, எனக்கு முட்டி வலிக்கிறது. பதில் வராது. ஒரு கை நீட்டினால் தொடலாம், நடுவில் கண்ணாடி. காணாமல் போயிருந்தபோது ராத்திரியில்தான் அவனை நினைத்தாள். இப்போது சோறு வடிக்கும்போது, தாளிக்கும்போது, ஒவ்வொரு தரம் சுவரைத் தாண்டும்போதும் நினைத்தாள். அவளுக்கு நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. அவனுக்கு அதே நாற்பது. இன்னும் கொஞ்ச நாள் போனால் தம்பியோ என்று கேட்பார்கள் என்று அவளுக்கு அதுவும் ஒரு துக்கம்.

அப்படியிருக்கையில் மாசி மாதத்தில் ஒரு மதியம், அரண்மனை வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை அழைத்துத் திரிகிற கைடு வள்ளியப்பன், சயோகோ என்ற ஜப்பான் அம்மாளைச் சாப்பிடக் கூட்டி வந்தான். அறுபது வயசு இருக்கும். பருத்திச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. கை கழுவிவிட்டு வந்தவள் படத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். அவள் ஊர் அருங்காட்சியகத்திலும் இதே படம் இருக்கிறதாம். கைப்பேசியில் தேடி எடுத்துக் காட்டினாள். பந்தியே எழாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தது. அதே ஆறு, அதே தடித்த ஆள், தட்டோடு போகிற அதே பெண். மூன்றாவது ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பாயும் ஆளில்லாத சாப்பாட்டுப் பலகையும் மட்டும் இருந்தன. சயோகோ அம்மாள் சுவரில் இருந்த அடைக்கலத்தைப் பார்த்து, இடுப்பை வளைத்து மரியாதையாகக் குனிந்தாள். அதோடு அந்த விஷயம் அவளுக்கும் முடிந்தது.

வயிரவன் அண்ணன்தான் வள்ளியப்பனை விட்டுக் கேட்கச் சொன்னார்: இந்த மாதிரிக் கடையில் ஒரு சாப்பாடு முடிய எவ்வளவு நேரமாகும், ரெண்டு வருஷமாகக் காத்திருக்கிறோம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தோடு மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னதை வள்ளியப்பன் தமிழில் சொன்னான்.

"அவுக சாப்புடலையாம். கிண்ணத்து மேல கைய விரிச்சு வச்சிருக்காகளாம். போதும்னு அர்த்தமாம். அதான் அந்தப் பொண்ணு வைக்காம தாண்டிப் போகுதாம். ரொம்ப மரியாதையான பொண்ணாம். போதும்னு சொன்னவகள மறுபடி கேட்டுத் தொந்தரவு பண்ணலையாம்."

அப்படியானால் சாப்பிட்டு முடித்துவிட்டார், இனிமேல் கூப்பிடலாம் என்று பந்தியில் ஒரு சலசலப்பு எழுந்தது. கை அங்கே இருந்ததை எல்லோரும் பார்த்துத்தான் இருந்தார்கள். பலகையில் இருக்கிற கை சாப்பிடுகிற கை என்றுதான் சாப்பாட்டுப் பிரியர்கள் நினைப்பார்கள். பஞ்சவர்ணமும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இப்போது பக்கத்தில் போய்ப் பார்த்தாள். ஐந்து விரலும் விரிந்து, கிண்ணத்தை மூடியும் மூடாமலும் நின்றது கை. பதின்மூன்று வருஷமாக யாருக்கும் சொல்லாததை, கையில் சோற்றுக் கரண்டியோடு, அத்தனை பேர் முன்னால் சொன்னாள்.

அடைக்கலத்துக்கு ஒரு பழக்கம். குழம்புச்சோறு முடிந்து, ரசத்துக்குச் சோறு வைக்கப் போனால், போதும் என்று இலைமேல் கையை விரிப்பான். விரித்தால் வேண்டும் என்று அர்த்தம். அவன் அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். போதும் என்பவனைப் பார்த்து, என்ன போதும், கையை எடுங்கள் என்று சொல்லி அந்தக் கைமேலேயே ஒரு கரண்டி வைக்க வேண்டும். வைத்தால் சூடு பொறுக்காமல் சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொள்வான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படித்தான் வைத்தாள். அவர்களுக்குள் இருந்த கொஞ்சல் எல்லாமே அந்த ஒரு கரண்டியில்தான் இருந்தது, வேறு கொஞ்சலுக்குச் சாப்பாட்டுக்கடையில் ஏது நேரம்? அன்றைக்கு, உதவிக்கு ஆள் வராத நாளில், கேட்காமல் கொள்ளாமல் எட்டுப் பேரைச் சாப்பிடக் கூட்டி வந்திருந்தான். அவளுக்கு உச்சிவரை கோபம். கரண்டியோடு வந்தாள். கையை விரித்தான். போதும்தானே, சரி என்று அடுத்த இலைக்குப் போய்விட்டாள். எட்டுப் பேரும் பார்த்தார்கள். அவன் விரித்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து போனான்.

சொல்லி முடித்தபோது பந்தியில் ஒரு கையும் அசையவில்லை.

"அவுக சாப்புடல," என்றாள் பஞ்சவர்ணம். "அங்கயும் ஒருத்தி மரியாதையாத் தாண்டிப் போறா. பசியோட உக்காந்திருக்காக. நாமதான் சாப்புடுறாக சாப்புடுறாகன்னு வேடிக்கை பாத்திருக்கோம்."

அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். பின்பக்கத்து ஆணிகளைத் தோசைக் கரண்டியால் நெம்பிச் சட்டத்தைப் பிரித்தாள். கடைசி வரிசையில், சோலைமலைக்கு அடுத்த இடத்தில், நுனியிலை ஒன்றை விரித்து, நுனி இடப்பக்கம் வரும்படி சரிசெய்து, தண்ணீர் தெளிக்காமல், அதன்மேல் காகிதத்தை வைத்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது புரிந்ததும் இருதயராஜ் சார் பதறிவிட்டார்.

"பஞ்சவர்ணம், அம்மா, வேணாம். சூடும் ஈரமும் பட்டா நிறம் பூரா ஓடிரும். ஆளும் சேர்ந்து போயிருவாரு. இருக்கிறதும் இல்லாமப் போயிரும்மா."

சயோகோ அம்மாளும் வள்ளியப்பன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சினாள். வயிரவன் மட்டும் இந்தத் தரம் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. பஞ்சவர்ணம் காகிதத்தில் குனிந்திருந்த தலையைப் பார்த்தாள். ரெண்டு வருஷமாக எதிரே உட்கார்ந்து பேசின முகம்; இதுவும் போய்விட்டால் மூன்று மணிக்கு அவள் யாரைப் பார்த்துச் சாப்பிடுவாள்?

"போனாப் போகட்டும் சார்," என்றாள். "பசியோட வச்சு நான் எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

அன்னக்கூடையிலிருந்து ஆவி பறக்கிற சோற்றை ஒரு கரண்டி அள்ளினாள். என்ன போதும், கையை எடுங்க என்று மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, அந்த விரித்த கையின்மேல் வைத்தாள்.

முதலில் ஆற்றின் நீலம் கசிந்து இலையின் நரம்புகளில் இறங்கியது. பிறகு விளக்குகளின் சிவப்பும், பாயின் மஞ்சளும், தடித்த ஆளும், படகுகளும், தட்டோடு போன பெண்ணும் ஒன்றோடொன்று கரைந்து இலையின் ஓரத்தில் வந்து தேங்கினார்கள். நீலக்கட்டச் சட்டை கடைசியாகப் போனது. சோற்றைச் சுற்றி வெறும் ஈரக் காகிதம் மிஞ்சியது. சயோகோ அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடைக்கலம் அதில் எங்கேயும் இல்லை. மெஸ்ஸிலும் இல்லை, வாசலிலும் இல்லை. வாசலைப் பார்த்தவர்கள் எல்லோரும் மெதுவாகத் திரும்பிக்கொண்டார்கள்.

ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. பந்தியில் கடைசி இலை முடியாமல் முதல் இலை எழுவதில்லை, அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. குழம்புச்சோறு முடித்தவர்களின் கைகள் காய்ந்து வறண்டன. தேவகோட்டை பஸ்ஸின் ஓட்டுநரும் நடத்துநரும் உள்ளே உட்கார்ந்திருந்ததால் அந்த பஸ் புறப்படவில்லை; அதில் ஏறியிருந்தவர்கள் இறங்கி வந்து ஜன்னலோரம் நின்று, உள்ளே இருந்தவர்கள் ஜாடை காட்டியதும் சத்தம் போடாமல் நின்றார்கள். வங்கிக்குப் போக வேண்டியவர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பஞ்சவர்ணம் கடைசி இலைக்கு எதிரே கரண்டியோடு நின்றாள். சோறு சோறாகவே இருந்தது. ஆவி அடங்கியது. அவள் இன்னும் கொஞ்சம் நின்றாள். அப்புறம், மற்ற இலைகளுக்கும் ரசம் ஊற்றவில்லையே என்று நினைவு வந்து, அழுகையை அங்கே வைத்து அழ வேண்டாம் என்றும் தோன்றி, அடுக்களைக்குள் போனாள். முகத்தைக் கழுவினாள். ரசவாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பந்தியில் இருந்த எல்லோரும் கடைசி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிரவன் வழிவிட்டுத் தோளை ஒதுக்கிக்கொண்டார்.

குவித்து வைத்த சோற்றின் நடுவில், நாலு விரலால் ஒதுக்கி, ரசத்துக்குக் குழி பண்ணியிருந்தது.

பஞ்சவர்ணம் குனிந்தாள். வேண்டுமா என்று கேட்கவில்லை. ஊற்றினாள்.